வன்னி வைத்தியசாலைகளில் தாதியர் ஆய்வு செய்யப் பல்கலைக்கழகம் எப்படிக் கைகொடுக்கலாம்?

ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. வன்னியில் வைத்தியசாலை விடுதியில் (வார்ட்டில்) வேலை பார்க்கிற தாதி நான். எங்களுக்கு முதலில் வேண்டியது டியூட்டி அட்டவணையில் கொஞ்ச நேரம்.

கேள்விக்குப் பஞ்சமில்லை. யுத்தத்தில் முள்ளந்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வாழ்பவர்கள் இங்கே பலர். அவர்களுக்குப் படுக்கைப்புண் வராமல் பார்ப்பது பெரும்பாலும் தாதியின் கையில்தான். புண் வரும் ஆபத்தை அளக்க 1987 இல் வெளிவந்த பிரேடன் அளவுகோல் இருக்கிறது: உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, சாப்பாடு, உராய்வு என்று ஆறையும் பார்த்து 6 முதல் 23 வரை புள்ளி போடுவது. புள்ளி குறையக் குறைய ஆபத்துக் கூட. சரி, சித்திரை வெக்கையில் ரெக்சின் மெத்தையில் முதுகு நனைந்து கிடக்கிறவருக்கு ஈரத்துக்கு எத்தனை போடுவது? காலையில் போட்ட புள்ளி மத்தியானமும் சரிவருமா? இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிரட்டிப் படுக்கவைக்கப் படித்திருக்கிறோம். இரவில் ஆள் போதாதபோது கூட நிற்கிற மனைவியோ தாயோதான் மற்றப் பக்கம் பிடிக்கிறார். அவருக்கு அதை யார் பழக்கியது? இவையெல்லாம் ஆய்வுத் தலைப்புகள்தான்.

எங்களிடம் இல்லாதது முறை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டப்படிப்பு இருக்கிறது, மருத்துவ பீடத்தில் நெறிமுறைக் குழு இருக்கிறது. அப்படியொரு குழுவின் அனுமதி இல்லாமல் நோயாளியிடம் ஆய்வுக்கென்று ஒரு கேள்வியும் கேட்க முடியாது. அந்த விண்ணப்பத்தை எழுதவே துணை வேண்டும். புள்ளிவிபரத்துக்கு அவ்வளவு தூரமும் போகத் தேவையில்லை. 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் பம்பைமடுவில்தானே இருக்கிறது.

இப்போது நடப்பது வேறு. படிவத்தோடு யாராவது வருவார்கள், ஓட்டத்துக்கு நடுவில் நாங்கள் நிரப்பிக் கொடுப்போம், முடிவு என்னவென்று பிறகு ஒரு சத்தமும் இருக்காது. அதனால் ஒப்பந்தத்தில் இரண்டு விடயம் எழுத்தில் வரவேண்டும் என்பேன். ஆய்வில் சேரும் தாதிக்கு வாரத்தில் அரைநாள் விடுவிப்பு, அந்த நேரத்துக்கு விடுதிக்கு மாற்று ஆள். மாற்று ஆள் இல்லாத விடுவிப்பு வெறும் கடதாசி. பக்கத்துக் கட்டிலைப் பார்க்கிறவள்தான் அதைச் சுமப்பாள். மற்றது, கட்டுரையில் எங்கள் பெயரும் ஆசிரியர்களில் ஒன்றாக வருவது. கீழே நன்றி என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போவது கணக்கில் வராது.

நீங்கள் விரிவுரையாளர் என்றால், வைத்தியசாலைப் பணிப்பாளரிடமும் விடுதிக்குப் பொறுப்பான சிஸ்டரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, காலை 7 மணிக்கு இரவு டியூட்டி கைமாறும்போது ஒருநாள் வந்து நில்லுங்கள். தலைப்பு அங்கேயே கிடைக்கும்.