மனசுக்கு 45, உடம்புக்கு 58: வாசகர் கேள்வி-பதில்

கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறினால் கல்லூரிப் பிள்ளைகள் ‘அங்கிள், உட்காருங்க’ என்று எழுந்துகொள்கிறார்கள். வயது 58தான், மனசில் 45. என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா? (பிரிக்பீல்ட்ஸ்)

இல்லை. 2006இல் வெளிவந்த ஒரு டென்மார்க் ஆய்வில், நாற்பதைத் தாண்டியவர்கள் சராசரியாகத் தங்கள் வயதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துத்தான் உணர்ந்தார்கள். உங்கள் 58க்குக் கணக்குப் போட்டால் 46 வருகிறது. ஜெர்மனியில் இன்னொரு வேடிக்கை. முதுமை எந்த வயதில் தொடங்குகிறது என்று கேட்டால் 64 வயதுக்காரர்கள் ஏறக்குறைய 75 என்கிறார்கள், அவர்களே 74ஐத் தொட்டதும் 77 என்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை மட்டும் முறைக்காதீர்கள், அப்புறம் நிற்க முடியாத ஒருவர் வந்தாலும் எழுந்திருக்கத் தயங்குவார்கள்.

அம்மாவுக்கு 71. இந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படி ஏறவில்லை, கீழே பந்தலிலேயே உட்கார்ந்துவிட்டார். கேட்டால் ‘இந்த வயசுல இனி என்ன’ என்கிறார். விட்டுவிடலாமா? (ஆயர் ஈத்தாம்)

விடாதீர்கள். மூட்டு வலியா, மூச்சு வாங்குகிறதா, காலில் பலம் இல்லையா என்று பிரித்துக் கேளுங்கள், ஏனென்றால் மூன்றுக்கும் வைத்தியம் வேறு. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு அழுத்தினாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள். வெறும் பலக் குறைவு என்றால் நல்ல செய்திதான்: 1990இல் அமெரிக்காவில் தொண்ணூறு வயதை ஒட்டிய முதியவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்ததில் கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அம்மாவுக்கு எடையெல்லாம் வேண்டாம். சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, கை ஊன்றாமல் மெல்ல எழுந்து மெல்ல உட்காரச் சொல்லுங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், முடிந்த அளவு. 513 படியும் ஒரே மூச்சில் ஏற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த ‘இனி என்ன’ பேச்சைத்தான் நான் சும்மா விடமாட்டேன். ஒஹாயோவில் ஐம்பது தாண்டியவர்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் கவனித்ததில், முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தது 2002இல் தெரியவந்தது. மனசுதான் ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, சரி. ஆனால் இனி என்ன என்று இருப்பவர் நடக்கப் போகமாட்டார், மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிடமாட்டார், இதை என் கிளினிக்கில் தினமும் பார்க்கிறேன்.

54 வயது. தெரிந்தவர் பெயரே வாயில் வரமாட்டேன் என்கிறது. டிமென்ஷியாவா? (செந்தூல்)

குளிக்கும்போது அந்தப் பெயர் தானாக ஞாபகம் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பாசாரிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றால், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், காட்ட வேண்டும்.

தலைக்குச் சாயம் அடிப்பது வயதை ஒத்துக்கொள்ளாத புத்தியா? (ஜார்ஜ்டவுன்)

உங்கள் தலை, உங்கள் இஷ்டம். காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள், அரித்தால் அந்தச் சாயம் வேண்டாம்.