வாசகர் கேள்வி – பதில்: சுண்டெலி ஜிஎம்-சிஎஸ்எஃப்

கேள்வி: சுண்டெலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து டென்ட்ரிடிக் செல்கள் (ஒரு வகை நோயெதிர்ப்புச் செல்கள்) வளர்க்க 20 மைக்ரோகிராம் ஜிஎம்-சிஎஸ்எஃப் (செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) வாங்கினோம். குப்பியில் தூளே தெரியவில்லையே?

பதில்: இவ்வளவு குறைந்த புரதம் கண்ணுக்குத் தெரியாது, சுவரிலோ மூடியிலோ ஒட்டியிருக்கும். அதனால் திறப்பதற்கு முன்பே சென்ட்ரிஃப்யூஜில் அரை நிமிடம் சுற்ற வேண்டும். ஏற்கெனவே திறந்திருந்தால், ஊற்றும் திரவத்தாலேயே மூடியின் உட்புறத்தையும் அலசி எடுங்கள். உடன் வந்த தாள் வேறு திரவத்தைச் சொல்லாதபட்சத்தில் 200 மைக்ரோலிட்டர் கிருமி நீக்கிய நீர் விடுங்கள். மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் கிடைக்கும். வோர்டெக்ஸ் (அதிர்வுக் கலக்கி) வேண்டாம், நுரை கட்டினால் புரதம் கெடும். பதினைந்து நிமிடம் அப்படியே விட்டு, மெதுவாகச் சாய்த்துக் கலக்கினால் போதும். 20 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து மைனஸ் 80-ல் வையுங்கள். உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். மேலும் நீர்க்கச் செய்வதானால் 0.1 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) கலந்த பஃபரிலோ சீரம் சேர்த்த மீடியத்திலோ (செல் வளர்க்கும் திரவம்) செய்யுங்கள். வெறும் பஃபரில் நீர்த்த புரதம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு காணாமல் போகும்.

வழக்கமான பத்து நாள் வளர்ப்பில் 10 செ.மீ. தட்டுக்கு 20 லட்சம் செல்கள், 10 மி.லி. மீடியம். மூன்றாம் நாள் இன்னொரு 10 மி.லி. சேர்க்க வேண்டும், ஆறாம், எட்டாம் நாள்களில் பாதி மீடியத்தை மாற்ற வேண்டும். ஆக மொத்தம் 40 மி.லி.; மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்றால் ஒரு தட்டுக்கு 8 மைக்ரோலிட்டர் செலவாகும். உங்கள் குப்பி 25 தட்டுகளுக்கு வரும்.

கேள்வி: வேறு நிறுவனத்தின் புரதத்துக்கு மாறினோம். அதே 20 நானோகிராம்தான், செல் விளைச்சல் பாதியாகிவிட்டது.

பதில்: எடையை விட்டுவிட்டு வீரியத்தைப் பாருங்கள். எஃப்டிசி-பி1 என்ற சோதனைச் சுண்டெலிச் செல்களைப் பாதியளவு பெருக்கத் தேவையான செறிவைத் தாளில் போட்டிருப்பார்கள். பத்து லட்சத்தை அந்த நானோகிராம் எண்ணால் வகுத்தால் மில்லிகிராமுக்கு எத்தனை யூனிட் என்பது வரும். 0.1 என்றால் ஒரு கோடி யூனிட். உங்கள் 20 நானோகிராமில் 200 யூனிட் இருக்கும். 0.2 என்றால் 100 யூனிட்தான். ஆனாலும் இரு நிறுவனங்களின் சோதனையும் ஒன்றுபோல இருக்காது. லாட் (உற்பத்தித் தொகுதி) மாறும்போதெல்லாம் 5, 10, 20, 40 நானோகிராம் வைத்து நீங்களே ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

கேள்வி: எல்பிஎஸ் (செல்களை முதிரச் செய்யும் பாக்டீரியாப் பொருள்) சேர்ப்பதற்கு முன்பே சிடி86 (முதிர்ச்சியைக் காட்டும் செல் மேற்பரப்புப் புரதம்) ஏறிவிடுகிறது. ஈ. கோலை பாக்டீரியாவில் செய்த புரதம் என்பதால்தானா?

பதில்: எல்லோரும் முதலில் அதைத்தான் சந்தேகிக்கிறார்கள், கணக்குப் போட்டால் பெரும்பாலும் பொருந்தாது. மைக்ரோகிராமுக்கு ஒரு எண்டோடாக்சின் (பாக்டீரியாவிலிருந்து வரும் எல்பிஎஸ்) யூனிட் இருந்தாலும் உங்கள் மீடியத்தில் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 2 பிக்கோகிராம்தான் சேரும். முதலில் சீரத்தையும், மீடியம் கலக்கும் நீரையும், கண்ணாடிப் பாத்திரங்களையும் பாருங்கள். ஆட்டோகிளேவ் எண்டோடாக்சினை ஒழிக்காது. 250 டிகிரியில் அரை மணி உலர்சூடு வேண்டும். மீடியம் மாற்றும்போது பிப்பெட்டால் வேகமாக அடித்துச் செல் கொத்துகளை உடைத்தீர்களா? எல்பிஎஸ் இல்லாமலேயே அதில் செல்கள் முதிர்ந்துவிடும். திசு வளர்ப்புக்குப் பதப்படுத்திய தட்டை விட்டு, பாக்டீரியா வளர்க்கும் சாதாரண பெட்ரி தட்டுக்கு மாறுங்கள்.

கேள்வி: மனித ஜிஎம்-சிஎஸ்எஃப் மீதமிருக்கிறது. பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. மனித ஜிஎம்-சிஎஸ்எஃப் சுண்டெலிச் செல்களில் வேலை செய்யாது. இன்டர்ஃபெரான் காமா என்ற நோயெதிர்ப்புப் புரதமும் அப்படியே. மனித ஐஎல்-2, எம்-சிஎஸ்எஃப் என்ற புரதங்கள் இரண்டும் சுண்டெலியில் வேலை செய்யும்.