போதகர் பொறுப்பு போனபின்: டாக்டர் பட்டம் வேண்டாம், டெஸ்டரை எடுக்கட்டும்

அம்மா, ஸ்தோத்திரம்.

மகன் இனி என்ன செய்வது என்று கேட்டு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மகனுக்கு 41 வயது. சபையின் கட்டட நிதியில் யாரிடமும் சொல்லாமல் கைமாற்று எடுத்ததால் போதகர் பொறுப்பு போய்விட்டது. போதகர் இல்லத்தையும் காலி செய்து, மனைவி பிள்ளைகளோடு சிங்கப்பூர் ஈசூனில் உங்கள் மூவறை வீட்டுக்கு வந்திருக்கிறார். உங்கள் தவிப்பு நியாயமானது. ஆனால் உறவுக்காரர்கள் காட்டும் வழிக்கு என்னால் தலையாட்ட முடியாது.

பாளையங்கோட்டைப் பெரியப்பா அமெரிக்காவில் இறையியல் படிக்க அனுப்பச் சொல்கிறார். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' வந்துவிட்டால் ஊர் வாய் அடங்கும் என்பது அவர் கணக்கு. முழுநேர எம்.டிவ். என்னும் இறையியல் முதுநிலைப் பட்டம் மட்டுமே வழக்கமாக மூன்று ஆண்டு, டாக்டர் பட்டம் அதற்கு அப்பால். அத்தனை காலமும் சம்பளம் கிடையாது. சேர்க்கைக்கு இறையியல் கல்லூரிகள் பொதுவாகச் சபையின் பரிந்துரைக் கடிதம் கேட்கும். இன்று அவருக்கு அதை யார் எழுதித் தருவார்கள்? அவர் தவறியது கிரேக்கம் தெரியாததாலும் அல்ல. ஒரே கையெழுத்தில் பணம் எடுக்க முடிந்தது, கேட்க ஆளில்லை, அதனால் தவறினார்.

மாமா சொல்கிறபடி வாடகை மண்டபத்தில் புதுச் சபை தொடங்குவது இதைவிட மோசம். பத்துப் பேர் சேர்ந்தாலே சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிய வேண்டும். நேர்மையின்மைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் அறநிறுவன நிர்வாகத்தில் இருக்கவும் சட்டம் தடை போடுகிறது. வழக்கு வராமலே போனாலும், ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வைக்காதே, அதாவது அவசரப்பட்டு யாரையும் ஊழியத்தில் அமர்த்தாதே என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டது ஒன்று இருக்கிறதே (1 தீமோத்தேயு 5:22).

வாடகைக் கார் ஓட்டுவது, பாதுகாவலர் வேலை போன்ற வழிகளெல்லாம் உங்களுக்கே தெரியும். காப்புறுதி, வீட்டு முகவர் வேலை மட்டும் கூடவே கூடாது. பழைய சபையாரின் கைத்தொலைபேசி எண்களே முதல் வாடிக்கையாளர் பட்டியலாகிவிடும். மனநல ஆலோசகர் படிப்பும் இப்போது வேண்டாம்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “கோயில் மைக், மிக்சர், லைட் எல்லாம் இவனே பழுதுபார்ப்பான், அப்போதுதான் முகத்தில் சிரிப்பு வரும்.” எனக்கு அந்த வரிதான் முக்கியம். எலக்ட்ரீஷியன் தொழிலை யோசியுங்கள். போதகராயிருந்தவர் கம்பி இழுப்பதா என்று கேட்பவர்களுக்கு, பவுல் கொரிந்துவில் ஆக்கில்லாவோடு தங்கிக் கூடாரம் பண்ணியதை நினைவூட்டுங்கள் (அப்போஸ்தலர் 18:3).

சிங்கப்பூரில் இது உரிமத் தொழில். எரிசக்திச் சந்தை ஆணையம் தரும் உரிமங்களில் அடிப்படையானது எலக்ட்ரீஷியன் உரிமம். 45 கேவிஏ (மின்சுமையின் அளவு) வரையிலான இணைப்புகளில் வேலை செய்யலாம். சாதாரண வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு இதற்குள் அடங்கிவிடும். உரிமம் இல்லாமல் சுவருக்குள் ஓடும் வயரிங்கைத் தொடுவது குற்றம், கோயில் கட்டடமானாலும் சரி. எனவே பகலில் உரிமம் பெற்றவரிடம் உதவியாளர், மாலையில் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ வேறு பயிற்சி நிலையத்திலோ பகுதிநேரப் படிப்பு. பணம் கட்டுமுன் ஒரே கேள்வி கேட்கட்டும்: “இந்தச் சான்றிதழ் உரிம விண்ணப்பத்துக்குச் செல்லுமா?” செல்லாத குறும்படிப்புகளும் உண்டு. படிப்பு முடிந்தாலும், குறிப்பிட்ட கால அனுபவம் காட்டினால்தான் உரிமம்.

வேலை எப்படியிருக்கும்? ஒரு வீட்டில் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், அடிக்கடி விழுகிறது என்று அழைப்பு வரும். 2025 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் அது கட்டாயம். முதலில் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் உள்ள பாதுகாப்பு சுவிட்சான எம்சிபி எல்லாவற்றையும் அணைத்து, ஆர்சிசிபியை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எதைப் போடும்போது விழுகிறதோ, அந்தச் சர்க்யூட்டின் சாதனங்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வாட்டர் ஹீட்டரோ ஈரம் ஏறிய சமையலறை சாக்கெட்டோ அகப்படும். எல்லாம் அணைந்திருந்தும் விழுந்தால், நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். சாதாரண எம்சிபி லைவை மட்டுமே துண்டிக்கும். அதன்பின் மின்சாரத்தை நிறுத்தி, சாதனங்களை விலக்கி, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் கருவியில் 500 வோல்ட் கொடுத்தால் இன்சுலேஷன் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் காட்டாது. நாவன்மையால் இவ்வளவு காலம் தப்பித்தவருக்கு இது நல்ல வேலை. அதோடு, உதவியாளர் செய்யும் வேலையை உரிமம் பெற்றவர் மேற்பார்வையிட வேண்டும். சபையில் அவருக்கு இல்லாமல் போனதும் இதுதான்.

செலவு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். உங்கள் மத்திய சேமநிதிப் பணத்தையோ வீட்டையோ இதற்காகத் தொடாதீர்கள். 40 வயதைத் தாண்டிய குடிமகன் என்பதால், அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை மானியம் உண்டு. அரசின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சிக் கணக்கில் 40 வயதானவர்களுக்குப் போடும் 4,000 வெள்ளி தேர்ந்தெடுத்த படிப்புகளுக்கு மட்டுமே செல்லும், பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சபைக் கமிட்டி மரியாதைக்காக 'ராஜினாமா' என்று எழுதித் தரட்டுமா என்று கேட்டிருக்கிறது. வேண்டாம். வேலை தேடுவோருக்கான ஆறு மாதம், 6,000 வெள்ளி வரையிலான அரசு உதவி, வேலை பறிபோனவர்களுக்குத்தான். பதவி நீக்கமும் அதில் சேரும், தானாக விலகியவருக்குக் கிடையாது. மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் முதல் மாதம் 1,500 வெள்ளி வரை வரும். இருக்கட்டும், பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நீக்கப்பட்டவர் விலகினார் என்று எழுதுவது பொய்.

ஊழியத்துக்குத் திரும்புவாரா என்று கேட்டீர்கள். எடுத்த தொகையை மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்று கமிட்டியோடு எழுதிக் கையெழுத்திட்டு, முதல் சம்பளத்திலிருந்தே கட்டட்டும். உறவினர் அல்லாத இரண்டு மூப்பர்கள் மாதந்தோறும் அவரையும் அவர் வங்கிக் கணக்கையும் பார்க்கட்டும். அவர்கள் சொல்லும்வரை பிரசங்கமும் இல்லை, காணிக்கைப் பைக்குப் பக்கத்தில் நிற்பதும் இல்லை. பவுலின் ஊழியப் பயணத்தைப் பாதிவழியில் விட்டுப்போன மாற்கு மறுபடி புறப்பட்டபோது, பர்னபாவோடு சேர்ந்து, அவருக்குக் கீழேதான் சீப்புரு தீவுக்குப் போனான்.

பெரியப்பாவுக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம் அம்மா. மகன் எழுதட்டும். அதற்குமுன் மருமகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் கடிதத்தில் எல்லாருடைய கருத்தும் இருக்கிறது, அவர் கருத்து மட்டும் இல்லை.