கைலிக் கட்டமே அளவுகோல்

கேள்வி: எனக்கு வயது 41. எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், ஒரு படுக்கையறை. பீரோவின் மேல் இரண்டு மூட்டை பழைய துணி இருக்கிறது: மாமனாரின் கைலிகள், பையனின் டீ-ஷர்ட், ஜீன்ஸ், இறந்துபோன என் அம்மாவின் காட்டன் புடவைகள். மகள் கல்லூரி முதல் வருடம். தோளில் மாட்டுகிற துணிப்பையும், தலைமுடிக்கு ஸ்க்ரஞ்சியும் கேட்கிறாள். போனில் வீடியோ பார்த்து க்ளூ கன் வாங்கி ஒரு பை ஒட்டினேன், ஒரே துவைப்பில் பிரிந்துவிட்டது. தையல் மெஷின் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கற்ற கைத்தையல் மட்டும்தான் தெரியும். எங்கிருந்து ஆரம்பிப்பது? கைச்செலவுக்காவது இதில் காசு வருமா? அம்மா புடவையை வெட்டலாமா? மனசு வரவில்லை. (பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த க்ளூ கன் விஷயத்தை முடித்துவிடுவோம். அந்தப் பசைக் குச்சி சூட்டில் உருகுகிற ஒரு வகை பிளாஸ்டிக். ஆறியதும் துணியின் மேல் படலமாகக் கெட்டிப்படுமே தவிர, இழைக்குள் இறங்கிப் பிடிக்காது. பை என்றால் மடியும், பிழியப்படும், மொட்டைமாடி வெயிலில் காயும். அத்தனையையும் அந்தப் பசை தாங்காது. பை பிரிந்ததில் உங்கள் கை மேல் ஒரு குற்றமும் இல்லை. கொலு அலங்காரத்துக்கும் காகிதப் பூவுக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள். துவைக்கப் போகிற பொருளுக்கு ஊசியும் நூலும்தான். பள்ளிக்கூடத்தில் கற்றது மறக்கவில்லை என்றால் உங்களுக்குத் தேவையான வித்தை ஏற்கெனவே கையில் இருக்கிறது.

அடுத்தது, வீடியோவைப் பார்த்து 'இதைச் செய்யலாம்' என்று முடிவு செய்துவிட்டு மூட்டையைப் பிரிக்காதீர்கள். பெரும்பாலான வீட்டுக் கைவேலை பாதியில் நின்று போவதற்குக் காரணமே அதுதான் என்பது என் எண்ணம். மூட்டையை முதலில் பிரியுங்கள். ஒவ்வொரு துணியையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கைலி என்றால் உட்காருகிற இடம் நைந்து வெளிச்சம் தெரியும், மற்ற இடம் கெட்டியாகவே இருக்கும். புடவை என்றால் வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த கோடுகள்தான் முதலில் விடும். முந்தானையும் ஃபால்ஸ் வைத்த கரையும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். நைந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுங்கள். மீதி இருப்பதுதான் உங்கள் துணி.

காட்டனா, பாலியெஸ்டரா என்று சந்தேகம் வந்தால் நாலைந்து இழை உருவி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மிருதுவான சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும். கைத்தையலுக்குக் காட்டன்தான் சுகம். ஊசி வழுக்காது, மடித்து நகத்தால் நீவினாலே மடிப்பு நிற்கும்.

வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். உங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் வேண்டாம், சோப்பும் போகாது, துணியும் விறைக்கும். மெட்ரோ வாட்டர் வருகிற நாளில் ஒரு பக்கெட் எடுத்து வைத்தால் போதும். சாயம் போகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். நம் ஊர்ப் பெயரில் உலகம் முழுக்கப் போன 'மெட்ராஸ் செக்ஸ்' துணிக்கே துவைக்கத் துவைக்கச் சாயம் கலக்கும் குணம் உண்டு. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் அதையே அந்தத் துணியின் சிறப்பாக விளம்பரம் செய்து விற்றார்கள். உங்கள் மகளின் வெள்ளைச் சுடிதாரில் அந்தச் சிறப்பு ஒட்டினால் அவளுக்குப் பிடிக்காது, அதனால் சாயம் போகிற துணியை ஒதுக்கிவிடுங்கள்.

சரி, முதல் வேலை மாமனாரின் கைலியில். காரணம் சொல்கிறேன். கட்டம் போட்ட கைலியில் நேர்க்கோடுகள் நெய்தே வருகின்றன. ஸ்கேல் வேண்டாம், சாக்பீஸ் வேண்டாம். ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு வெட்டலாம், அதே கோட்டின் மேலேயே தைக்கலாம். பல வருஷம் கழித்து ஊசி எடுக்கிற கைக்கு இதைவிட நல்ல துணி கிடையாது.

பையின் வெட்டு நம் மஞ்சப்பையின் வெட்டுதான். 34 இன்ச் நீளம், 16 இன்ச் அகலத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி பாதியாக மடியுங்கள். மடிப்பு அடியில் வருவதால் அடித்தையல் வேண்டாம், இரண்டு ஓரம் மட்டும் தைத்தால் போதும். இப்போது ஒரே அளவில் இரண்டு பை. ஒன்றை மட்டும் திருப்பி நல்ல பக்கத்தை வெளியே கொண்டுவாருங்கள். மற்றதைத் திருப்பாமல் அப்படியே அதற்குள் இறக்குங்கள். பிசிறெல்லாம் இரண்டு துணிக்கும் நடுவே மறைந்துவிடும். துணி ஓரத்தைப் பிசிறாமல் தைக்கிற ஓவர்லாக் மெஷின் இல்லாத வீட்டுக்கு இந்த 'பைக்குள் பை' முறையைவிடச் சுலபமானது எனக்குத் தெரிந்து வேறு இல்லை. உள்பையின் ஓரத்தையலை ஒரு நூல் அளவு (அரைக்கால் இன்ச்) கூடுதலாக உள்ளே தள்ளிப் போட்டால் சுருக்கம் இல்லாமல் உட்காரும்.

கைப்பிடிக்கு 4 இன்ச் அகலம், 26 இன்ச் நீளத்தில் இரண்டு பட்டை. இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மறுபடி ஒன்றாக மடித்தால் ஒரு இன்ச் அகலத்தில் நாலு மடிப்பு கிடைக்கும். நீளவாக்கில் தைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பைகளின் வாய் ஓரத்தையும் ஒன்றைப் பார்த்து ஒன்று உள்ளே மடித்து, நடுவில் கைப்பிடியின் முனையை ஒன்றரை இன்ச் ஆழத்துக்குச் செருகி, வாயைச் சுற்றித் தையுங்கள். கைப்பிடி சேருகிற இடத்தில் மட்டும் சதுரமாக ஒரு சுற்று, அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல். துணிப்பை கிழிகிற இடம் எப்போதும் இதுதான், இங்கே சோம்பல் படாதீர்கள்.

தையல் எது? ஊசி ஒரு எட்டு முன்னே போய், அரை எட்டு பின்னே வந்து, மறுபடி முன்னே போகிற கெட்டித் தையல். ஓட்டத் தையல் சீக்கிரம் முடியும், ஆனால் ஒரு இழை அறுந்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வரும். நூலை இரட்டையாகக் கோத்து, மெழுகுவத்தியில் ஒரு முறை இழுத்துக்கொள்ளுங்கள், முறுக்காது. கை நீளத்துக்கு மேல் நூல் எடுத்தால் சிக்கிக்கொண்டு உயிரை வாங்கும். அப்புறம், நம் கடலோரக் காற்றில் குண்டூசி ஒரு ராத்திரியே துணியில் கிடந்தாலும் துருக்கறை விழலாம், அந்தக் கறை லேசில் போகாது. வேலையை நிறுத்தும்போது ஊசி எல்லாவற்றையும் எண்ணி டப்பாவில் போட்டுவிடுங்கள். சின்ன வீட்டில், பாயில் படுக்கிற பிள்ளைகளுக்கும் அது நல்லது.

மகள் தடித்த புத்தகங்கள் தூக்குவாள் என்றால் கைலிப் பை போதாது, அதற்கு ஜீன்ஸ்தான். ஆனால் அதைக் கையால் தைப்பது விரலுக்குக் கஷ்டம். முதலில் முழங்காலுக்குக் கீழே உள்ள காலை மட்டும் வெட்டிப் பாருங்கள். கணுக்காலில் ஏற்கெனவே மடித்துத் தைத்த ஓரம் இருக்கிறதே, அதையே பையின் வாயாக வைத்து, வெட்டிய பக்கத்தை மூடித் தைத்தால் தண்ணீர் பாட்டிலுக்கு அளவான பை. மிச்சமாகும் இடுப்புப் பட்டையையே அதற்குத் தோள்பட்டையாக வைக்கலாம். டீ-ஷர்ட் இன்னும் சுலபம். பனியன் துணி நெய்யப்பட்டது அல்ல, பின்னப்பட்டது. வெட்டினால் பிசிறு பிரியாது, ஓரம் தைக்கவே வேண்டாம். ஒரு இன்ச் பட்டைகளாகக் குறுக்கே வெட்டி இழுத்துவிட்டால் தானாகச் சுருண்டு கயிறாகிவிடும். மூன்றைச் சேர்த்துப் பின்னினால் தலையில் போடும் பேண்ட் தயார்.

ஸ்க்ரஞ்சிக்கு மூட்டையைத் தேட வேண்டாம். ரவிக்கை தைக்கக் கொடுக்கிற தையல்காரரிடம் வெட்டுத் துண்டு கேளுங்கள். பட்டு ரவிக்கைத் துண்டு, சாட்டின் எல்லாம் அங்கே மூலையில் கிடக்கும், தெரிந்தவர் என்றால் சும்மாவே தருவார். 4 இன்ச் அகலம், 20 இன்ச் நீளம். நல்ல பக்கம் உள்ளே இருக்க நீளவாக்கில் மடித்துத் தைத்து, ஒரு முனையில் ஊக்கைக் குத்தி உள்வழியாகத் தள்ளித் திருப்புங்கள். எட்டு இன்ச் எலாஸ்டிக்கை அதே ஊக்கால் கோத்து முடிச்சுப் போட்டு, துணியின் ஒரு முனையை மற்றதற்குள் செருகித் தைத்துவிட்டால் முடிந்தது. இதை மகளையே செய்யச் சொல்லுங்கள். கேட்டவள் அவள்தானே.

இப்போது காசு விஷயம். பை தைத்து விற்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு ஒரு நடை போய் அங்கே தொங்குகிற பைகளின் விலையைக் கேட்டாலே புரியும். மெஷினில் மொத்தமாகத் தைத்த பையோடு ஒரு மத்தியான நேரம் முழுக்கக் கையால் தைத்த பை விலையில் போட்டி போட முடியாது. அதை வீட்டுக்கும், கல்யாண வீட்டுக்குப் பரிசாகவும் செய்யுங்கள்.

கைவேலைக்கென்றே காசு கொடுக்கிற ஒன்று இருக்கிறது: புடவைக்குக் குச்சு கட்டுவது. மெஷின் வேண்டாம், இடம் வேண்டாம், ஒரு நாற்காலியும் நல்ல வெளிச்சமும் போதும். பட்டுப் புடவை எடுக்கிறவர்கள் இப்போது முந்தானைக்குக் குச்சு இல்லாமல் கட்டுவது குறைவு. உங்கள் தெருத் தையல் கடையும் அதை வெளியே யாரிடமாவது கொடுத்துத்தான் வாங்கிக்கொண்டிருக்கும். பழைய காட்டன் துண்டு ஒன்றில் பழகுங்கள். ஓரத்தின் குறுக்கு இழைகளை மூன்று இன்ச் உயரத்துக்கு உருவிவிட்டால் நெடுக்கு இழைகள் மட்டும் தொங்கும். அதில் சின்னக் கற்றைகள் இரண்டு எடுத்து, இரண்டையும் தனித்தனியே வலப்பக்கமாக முறுக்குங்கள். அப்புறம் இரண்டையும் சேர்த்து இடப்பக்கமாக முறுக்கினால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பிரியாமல் நிற்கும். முனையில் முடிச்சு. பழைய கயிறு திரிக்கிற முறையேதான் இது.

அது சீராக வந்தபின் பட்டு நூல் குச்சு. மடித்துத் தைத்த முந்தானை ஓரத்தில் நூல் கற்றையை ஊசியால் கோத்து, இரண்டாக மடித்து, மேலே கழுத்துப் போல இறுக்கிச் சுற்றி முடிந்து, கீழே ஒரே உயரத்துக்கு நறுக்க வேண்டும். இதில் எல்லாமே இடைவெளிதான். முந்தானையின் இரு கோடியிலிருந்தும் அளந்து புள்ளி வைக்காமல் முதல் குச்சைக் கட்டாதீர்கள். கடைசியில் இடம் மிஞ்சினாலோ பற்றாமல் போனாலோ எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டிவரும். நூல், மணி, லேஸ் எல்லாம் பாரிமுனை, சௌகார்பேட்டைத் தெருக்களில் கிடைக்கும். புடவையை கூடவே எடுத்துப் போய் நிறம் பாருங்கள், போன் படத்தை நம்பி வாங்காதீர்கள். ஆடியில் கல்யாணம் இருக்காது, அந்த மாதத்தைப் பழகுவதற்கு வைத்துக்கொண்டால் ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் கேட்டுப் போகலாம். அடுத்தவர் பட்டுப் புடவை வீட்டில் இருக்கும்போது வெள்ளை வேட்டி விரித்து அதன் மேல்தான் வேலை, எண்ணெய்க் கை பக்கத்திலேயே வரக் கூடாது. கூலியை முன்னாலேயே பேசிவிடுங்கள், தெரிந்தவர்களிடம் கண்டிப்பாக.

அம்மாவின் புடவைகளைப் பற்றிக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. மனசு வராதபோது வெட்ட வேண்டாம். நன்றாக இருக்கிற புடவைகளில் இரண்டை எடுத்து வையுங்கள், அவற்றை நீங்களே கட்டுங்கள். விசேஷ நாளுக்கென்று காத்திருக்காமல் மார்க்கெட்டுக்குப் போகும்போதே கட்டுங்கள். கட்ட முடியாத அளவு நைந்தவற்றை வெட்டாமலேயே போர்வை ஆக்கலாம். வங்காளத்தில் காந்தா என்று பழைய புடவைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, முழுக்க ஓட்டத் தையல் போட்டுப் போர்வை செய்கிற பழக்கம் உண்டு. தையல் நூலையும் பழைய புடவையின் கரையிலிருந்தே உருவி எடுப்பார்கள். இரண்டு புடவையை ஒவ்வொன்றும் மூன்றாக மடித்து அடுக்கினால் ஆறடி நீளம் வரும், ஒரு ஆளுக்கான போர்வைக்குப் போதும். நைந்த இடங்கள் உள் அடுக்கில் போகும்படி வைத்து, முதலில் பெரிய பெரிய தையலாக அங்கங்கே பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தைத்துவாருங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும். இதற்கு மட்டும் நாள் கணக்கு வைக்காதீர்கள். மழைக்காலச் சாயங்காலங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகட்டும், மகளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரிசை தைக்கட்டும்.

மெஷின் வாங்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நாலு பை தைத்ததும் ஆசை வரும். குச்சுக் கூலி வரத் தொடங்கிய பிறகு பழைய கால்மிதி மெஷினாகப் பாருங்கள். வாங்கும் இடத்துக்கு ஜீன்ஸ் துண்டு ஒன்றையும் மெல்லிய புடவைத் துண்டு ஒன்றையும் எடுத்துப் போய், இரண்டையும் அங்கேயே ஓட்டி, மேல் நூலும் கீழே வருகிற பாபின் நூலும் ஒரே இறுக்கத்தில் விழுகிறதா என்று துணியைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.