வீலின் உள்பக்கம் ஏன் வெளுக்கவில்லை?

கேள்வி: ஐந்து ஆண்டுகளாகக் கார் வைத்திருக்கிறேன். வீடு காசிமேட்டில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. ஞாயிறுதோறும் ஷாம்பூ போட்டு நானே வண்டியைக் கழுவுகிறேன். அலாய் வீல்களின் வெளிமுகம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் இடைவெளி வழியே டார்ச் அடித்துப் பார்த்தால், ரிம்மின் உள்பக்கம் முழுவதும் செம்பழுப்பும் கருமையுமாக ஏதோ படிந்திருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. முன் வீல்கள் இரண்டிலும்தான் அதிகம். வாட்டர் வாஷ் கடையில், ஆசிட் போட்டால் ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், காசிமேடு

பதில்: போடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு கடையில் வண்டியை விட்டுவிட்டு எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கேட்காமலேயே நான்கு வீல்களுக்கும் ஆசிட் அடித்து முடித்துவிட்டார்கள். ஒரு வாரம் வீல்கள் ஷோரூமிலிருந்து வந்தவை போல மின்னின. இரண்டு மாதம் கழித்து, கல் பட்டுப் பெயர்ந்திருந்த சிறு தழும்புகளைச் சுற்றி, தேமல் பரவுவது போல வெள்ளைத் திட்டுகள் கிளம்பின. மேலே இருந்த லேக்கர் பூச்சு நகத்தால் சுரண்டினாலே உரிந்து வந்தது. அமிலம் தழும்பின் வழியே பூச்சுக்கு அடியில் புகுந்து அலுமினியத்தை அரித்திருந்தது. மிச்ச வேலையை நம் ஊர் உப்புக் காற்று பார்த்துக்கொண்டது. வீல் போனால் மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், லேபிள் இல்லாத கேனில் வரும் அத்தகைய திரவங்களில் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்திருப்பதுண்டு என்பதையும், அது தோலுக்குள் ஊடுருவி, சில மணி நேரம் கழித்தே வலியைக் காட்டக்கூடியது என்பதையும், வெறுங்கையால் அதைத் தேய்க்கும் கடைப் பையன்களிடம் யாரும் சொல்வதில்லை.

இனி, ஷாம்பூவுக்கு ஏன் போகவில்லை என்பதைப் பார்ப்போம். நீங்கள் தேய்த்துக்கொண்டிருப்பது தெருப்புழுதி அல்ல, இரும்பு. பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பிரேக் பேட் வார்ப்பிரும்பு டிஸ்க்கைக் கவ்வுகிறது. இரண்டும் இம்மியளவு தேய்கின்றன. டிஸ்க்கின் இரும்புத்தூள், பேடில் உள்ள உலோகம், கரி, அவற்றைப் பிணைத்திருக்கும் பிசின் எல்லாம் சேர்ந்து சூடாகத் தெறிக்கின்றன. டிஸ்க்கையும், பேடை அதன் மேல் அழுத்தும் காலிப்பரையும் ஒரு குழாய் போலச் சுற்றி நிற்பது ரிம்மின் உள்பக்கம் என்பதால், தெறிப்பதில் பெரும்பகுதி அங்கேதான் போய் ஒட்டும். வீல் சுழலும்போது தூசி வெளிநோக்கித் தள்ளப்படுவதால் அது கீழே உதிராமல் அந்தச் சுவரோடு மேலும் அழுந்துகிறது. பிறகு இரவில் கடற்காற்றின் ஈரம் படுகிறது, இரும்புத்தூள் துருப்பிடிக்கிறது, துரு பருத்துப் பூச்சைக் கவ்விக்கொள்கிறது. அழுக்கை நீக்கும் சோப்புக்குத் துருவோடு எந்தப் பேச்சுவார்த்தையும் கிடையாது.

முன் வீல்களில் அதிகம் என்பது கோளாறு அல்ல. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் முன் பிரேக்குகளே பெரும்பங்கு உழைக்கின்றன. நம் ஊர்க் கார்கள் பலவற்றில் பின்னால் இருப்பது டிரம் பிரேக் ஆகையால், அங்கே விழும் தூள் டிரம்முக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கவலைப்பட வேண்டியது, இரண்டு முன் வீல்களில் ஒன்று மட்டும் மற்றதைவிட வெகுவாகக் கறுத்திருந்தால்தான். அப்படியானால் அந்தப் பக்கத்துக் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். வண்டியை ஓட்டி நிறுத்தியதும் இரண்டு வீல்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய், தொடாமல், வெப்பத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்; வித்தியாசம் தெரிந்தால் கழுவுவதற்கு முன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

சுத்தம் செய்வதற்கு, உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் அமிலமில்லாத அயர்ன் ரிமூவர் வாங்குங்கள். அதில் இருப்பது தயோகிளைகோலேட் வகை உப்பு. அது இரும்போடு சேர்ந்து, தண்ணீரில் கரைந்து ஓடக்கூடிய ஊதா நிறப் பொருளாக மாறும். அழுகிய முட்டை நாற்றம் வரும். அது அதன் இயல்பு. வீல் நன்றாக ஆறியிருக்கும்போது, நிழலில், முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை அகற்றிவிட்டு, பிறகு அடிக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் கறுப்புச் சுவரில் ஊதாக் கோடுகள் இறங்கத் தொடங்கும். நாவற்பழச் சாறு வழிவது போல இருக்கும். மூன்று, நான்கு நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள், நீளக் காம்பு கொண்ட மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து நிறைய நீரில் அலசுங்கள். ஐந்தாண்டுப் படிவு ஒரே தடவையில் போகாது. இரண்டு, மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். கம்பி நாரைத் தொடவே தொடாதீர்கள். கடலோரத் தெருக்களின் போர் தண்ணீர் கரித்தால், கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு வாளி மெட்ரோ தண்ணீரை ஒதுக்கி, உடனே துணியால் துடைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் வீலைக் கழற்றாமல் செய்ய முயன்றால், கைக்கு எட்டியது பாதி, எட்டாதது பாதியாகிவிடும். இதற்கென்று தனியாகக் கழற்றவும் வேண்டாம். சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை டயர்களை முன்பின் மாற்றிப் போடுகிறோம் அல்லவா, அன்றைக்கே இதையும் முடித்துக்கொள்ளலாம். வீட்டிலேயே கழற்றுவதாக இருந்தால், சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, வீல் தரையில் இருக்கும்போதே போல்ட்டுகளை இளக்கிவிட்டு, அதன் பிறகே ஜாக்கியை ஏற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் உடம்பின் எந்தப் பகுதியையும் நீட்டாதீர்கள். திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளை எதிரெதிராக, நட்சத்திரம் போடுவது போன்ற வரிசையில் முடுக்க வேண்டும். எவ்வளவு முடுக்கம் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை சரிபாருங்கள்.

கழற்றிய வீல் மடியில் இருக்கும்போது இரண்டு இடங்களை உற்றுப் பாருங்கள். ஒன்று, உள்பக்கத்தில் சிறு சிறு கட்டிகளாக வரிசையாக ஒட்டியிருக்கும் பேலன்சிங் வெயிட். கறுப்பு அப்பியிருப்பதால் அதுவும் அழுக்குக் கட்டி போலவே தோன்றும். அழுத்தித் தேய்த்துப் பெயர்த்துவிட்டால், அடுத்த முறை வேகமெடுக்கும்போது ஸ்டீயரிங் உதறும். தொடங்குவதற்கு முன் அது இருக்கும் இடத்தைச் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இரண்டு, டயர் ரிம்மைத் தொடும் விளிம்பு. அந்த இடத்தில் பூச்சு உப்பி வெள்ளைப் பொடி தட்டியிருந்தால், அலுமினிய அரிப்பு டயருக்கும் ரிம்முக்கும் நடுவே புகத் தொடங்கிவிட்டது என்று பொருள். பஞ்சரே இல்லாமல் வாரம் இரண்டு, மூன்று பாயிண்ட் காற்று இறங்குகிறது என்று கடலோரத்தில் பலர் புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். சோப்பு நீரை விளிம்பைச் சுற்றித் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பஞ்சர் கடையில் டயரைப் பிரித்து அந்த விளிம்பைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால், உள்பக்கக் கறுப்பைவிட இந்த விளிம்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கேள்வி: எங்கள் தெரு கொருக்குப்பேட்டை ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. வெள்ளை நிறக் கார். பிரேக்குக்கும் பானெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பானெட்டிலும் கூரையிலும் ஊசிமுனை அளவில் ஆரஞ்சுப் புள்ளிகள் வருகின்றன. வண்டி உள்ளிருந்து துருப்பிடிக்கிறதா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: இல்லை. ரயிலின் சக்கரமும் தண்டவாளமும் உரசும்போதும் ரயில் பிரேக் பிடிக்கும்போதும் பறக்கும் இரும்புத்துகள்கள் உங்கள் பெயின்ட்டின் மேல் விழுந்து, அங்கே துருப்பிடித்திருக்கின்றன. மேலே காசிமேட்டு வாசகருக்குச் சொன்ன அதே அயர்ன் ரிமூவரை, பெயின்ட்டுக்கும் ஏற்றது என்று அதன் மேல் எழுதியிருந்தால், நிழலில் அடித்துப் பாருங்கள். புள்ளி ஒவ்வொன்றும் ஊதாவாக மாறிக் கரையும். நகத்தால் கிள்ளி எடுக்காதீர்கள். கறுப்பு வண்டி வைத்திருப்பவர்கள் கூரையிலும் இதே புள்ளிகள் உண்டு. அவர்கள் கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: வீலைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றால் பிரேக் தூசியை ஊதித் தள்ளுகிறார் எங்கள் மெக்கானிக். தவறா? செராமிக் பேட் போட்டால் தூசியே வராதா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: தவறுதான். பழைய வண்டிகளின் பிரேக் பேட்களில் கல்நார் இருந்தது. அதன் இழை நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். இன்றைய பேடில் கல்நார் இல்லையென்றே வைத்துக்கொண்டாலும், அந்த நுண்தூளைச் சுவாசிப்பது நல்லதல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய யூரோ 7 விதிகள், புகைக்குழாயோடு நிற்காமல் பிரேக் தூசிக்கும் முதன்முறையாக வரம்பு வைத்திருக்கின்றன: பெட்ரோல், டீசல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், மின்சாரக் கார்களுக்கு 3 மில்லிகிராம். மின்சாரக் கார்களுக்கு வரம்பு குறைவாக இருப்பதற்குக் காரணம், மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேடுக்கு அங்கே வேலை குறைவு. உங்கள் மெக்கானிக்கிடம் காற்றுக்குப் பதில் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

செராமிக் பேடிலும் தூசி உண்டு. ஆனால் அது குறைவாகவும் வெளிர் நிறமாகவும் இருப்பதால் கண்ணை உறுத்தாது. விலை அதிகம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்வதால் பேட் அவ்வளவு தேயாது. லாரிக்கும் லாரிக்கும் நடுவே இடம் கிடைத்ததும் விர்ரென்று பாய்ந்து, பிறகு சட்டென்று மிதிப்பதுதான் தேய்க்கும். வேகம் இரட்டிப்பானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். பேடின் விலையைக் கேட்பதற்கு முன் அந்தப் பாய்ச்சலை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள்.