பணப் பாடத்துக்கும் பரீட்சையா?

கேள்வி: அமெரிக்காவில் கடன், வட்டி, சேமிப்பு பற்றிய பாடத்தில் தேறினால்தான் பள்ளிப் படிப்பு முடிந்ததாகச் சான்றிதழ் தருகிறார்களாமே! நம் ப்ளஸ் டூவிலும் கட்டாயமாக்கினால் என்ன?
— வாசகர் ஒருவர், மன்னார்குடி

பதில்: 'கட்டாயம்' என்று எழுதிவிட்டீர்கள். இந்த ஊரில் எதைக் கட்டாயமாக்கினாலும் மறுவாரமே அதற்கு கைடு வந்துவிடும். கைடுகளோடு எனக்குள்ள பகை இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். வரப்போகும் கைடு இப்போதே கண்முன் தெரிகிறது. இரண்டு மதிப்பெண்: சீட்டு என்றால் என்ன? ஐந்து மதிப்பெண்: சீட்டுப் பிடித்தவர் இரவோடு இரவாக ஊரைக் காலி செய்ததன் காரணங்களை விவரி (மிக முக்கியம்!). பொருத்துக: ஈமு கோழி மோசடி – பெருந்துறை. செய்முறைத் தேர்வுக்கு வரும் எக்ஸ்டர்னலுக்கு டிபன் வாங்க ஆளுக்கு இருபது ரூபாய் வசூல். அந்த இருபதுக்கு ரசீது கேட்கும் பையனுக்கு நான் சென்டம் போடுவேன்.

சரி, அமெரிக்கா. அங்கே இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். யூட்டா முன்னோடி, 2008இல் பள்ளி முடித்தவர்களிலிருந்தே கட்டாயம். கலிஃபோர்னியா 2024இல்தான் சட்டம் போட்டது. 2030-31இல் முடிப்பவர்களிலிருந்து அமல். அதே யூட்டாதான், பண மோசடியில் தண்டனை பெற்றவர்களைப் படத்தோடு இணையத்தில் போடும் பட்டியலையும் அமெரிக்காவிலேயே முதலில், 2016இல், தொடங்கியது! சர்ச்சுக்குப் போனால் பக்கத்தில் உட்காருகிறவரே முதலீடு கேட்டு வருவது அங்கே பழைய வியாதி. அவரிடம் போய் யார் கணக்குக் கேட்பார்கள்? நியூயார்க்கில் மேடாஃப் என்ற முதலீட்டு மோசடிக்காரரிடம் பணத்தை விட்டவர்களில் வங்கிகளே உண்டு. அவர்களுக்குக் கூட்டு வட்டி தெரியாதா?

நம் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலும் கூட்டு வட்டி இருக்கிறது. பூ மார்க்கெட்டில் தண்டல்காரர் 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாளில் பத்தாயிரமாக வசூலிக்கிறார். ஆண்டுக்கணக்கில் பார்த்தால் நூறு சதவீதத்துக்கு மேல் வட்டி. பூக்காரம்மாவுக்கு இது தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? தண்டல்காரரை விட நன்றாகத் தெரியும். ஆனால், விடியற்காலை நாலு மணிக்கு, அடமானம் கேட்காமல், கையெழுத்துக்கூட வாங்காமல் பணம் தர வேறு ஆள் இல்லை. 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. நாலு மணிக்கு அதுவும் தூங்கிக்கொண்டிருக்கிறது.

பாடம் வரட்டும், யார் வேண்டாமென்றது? பரீட்சையை மட்டும் பிள்ளைகளுக்கு வைக்காதீர்கள். வைத்தே தீருவேன் என்றால், வீடு தேடி வந்து கடன் அட்டையைத் திணிப்பவர்களுக்கும், 'மாதம் பத்து சதவீதம் உறுதி' என்ற விளம்பரத்தை முழுப் பக்கம் போடும் பத்திரிகைகளுக்கும் முதலில் வையுங்கள். எங்கள் விளம்பர மேலாளரை நானே அழைத்துவந்து முதல் பெஞ்சில் உட்காரவைக்கிறேன். இந்தப் பக்கத்தை அவர் படிப்பதில்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன்.