தேர்தல் காசைக் கட்டுப்படுத்த இலங்கையிலும் அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமா?

தேவையில்லை. அமெரிக்காவில் தேர்தல் செலவைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பையே திருத்தக் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கை எழுந்ததற்குக் காரணம் அங்குள்ள நீதிமன்றத் தீர்ப்புகள். 1976இல் பக்லி எதிர் வலேயோ வழக்கில், நன்கொடைக்கு வரம்பு போடலாம், செலவுக்குப் போட்டால் அது பேச்சுரிமையைப் பறிக்கும் என்று தீர்த்தார்கள். 2010இல் சிற்றிசன்ஸ் யுனைட்டட் வழக்கில் கம்பனிகளின் தனிச் செலவுக்கும் அதே காப்பு, 5க்கு 4 என்ற கணக்கில் கிடைத்தது. சாதாரண சட்டத்தால் இவற்றைத் தாண்ட முடியாது. திருத்தம் என்றால் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு, பிறகு 50 மாநிலங்களில் 38இன் சம்மதம். 2014இல் மேல்சபையான செனற்றில் 54க்கு 42 என்று ஆதரவு இருந்தும், விவாதத்தை முடிக்கத் தேவையான 60 கிடைக்காததால் முயற்சி விழுந்தது.

எங்கள் அரசியலமைப்பு யாப்பில் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமையைத் தருகிறது, 15(7) பொதுநலன் கருதி அதைச் சட்டத்தால் மட்டுப்படுத்த இடம் விடுகிறது. 80(3)இன்படி, சபாநாயகர் சான்றுரைத்த சட்டத்தை எந்த நீதிமன்றமும் பிறகு கேள்வி கேட்க முடியாது. எதிர்ப்பதென்றால் சட்டமூலமாக இருக்கும்போதே உயர் நீதிமன்றம் போகவேண்டும். பல விடயங்களில் இது மோசமான ஏற்பாடுதான். ஆனால் செலவு வரம்பை அமெரிக்காவில் நடந்ததுபோலப் பின்னால் உடைக்க முடியாது. யாப்பைத் தொடுவதென்றால் வராதவர்களையும் சேர்த்து 225இல் 150 வாக்கு வேண்டும். வாக்குரிமையைத் தொட்டு, மக்கள் இறைமையைச் சொல்லும் 3ஆம் உறுப்புரையில் போய் முட்டினால் மக்கள் தீர்ப்பும் வேண்டும். அந்தப் பாடு எதற்கு?

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது: 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டம். 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா, ஒரு வேட்பாளருக்கு மொத்தம் ஏறத்தாழ 187 கோடி ரூபா என்று தேர்தல் ஆணைக்குழு செலவு வரம்பு வைத்தது. முடிவு வெளியாகி 21 நாளுக்குள் கணக்குக் காட்ட வேண்டும். முதல் பலவீனமே இதுதான். யாருடைய காசு என்று தெரியும்போது வாக்குப் போட்டு முடிந்திருக்கும்.

இரண்டாவது, விருப்பு வாக்கு. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2024இல் 6 ஆசனம், ஆசனத்தைவிட மூன்று பேர் கூட என்பதால் ஒரு கட்சியின் பட்டியலில் 9 பேர். கட்சிக்கு வாக்களிக்கும் வாக்காளர் அந்தப் பட்டியலில் மூன்று பேருக்கு மட்டுமே விருப்புப் போடலாம். ஆகவே ஒரே கட்சிக்காரரே ஒருவரோடு ஒருவர் போட்டிபோட்டுச் செலவழிக்கிறார்கள். பெயரில்லா நன்கொடைக்கும் வெளிநாட்டு நன்கொடைக்கும் தடை உண்டு. ஆனாலும் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் ஒருவர் தன் கடனட்டையால் முகநூல் விளம்பரம் போட்டால், பற்றுச்சீட்டு வேட்பாளர் கைக்கே வராது. சும்மா கிடைத்த மண்டபம், ஒலிபெருக்கி, ஓட்டோ எல்லாம் இப்படித்தான் கணக்கிலிருந்து நழுவும்.

திருத்த வேண்டியது இந்தச் சட்டத்தையே. வரவுசெலவு முழுவதும் ஒரே வங்கிக் கணக்கினூடாக நடக்க வேண்டும். இலவசமாகக் கிடைத்ததைச் சந்தை விலையில் பதிய வேண்டும். மூன்றாம் ஆள் வேட்பாளருக்காகச் செய்யும் விளம்பரமும் வரம்புக்குள் வர வேண்டும். இடைக்காலக் கணக்கொன்றை வாக்களிப்புக்கு முன்பே வெளியிட வேண்டும். இவற்றுக்குச் சாதாரண பெரும்பான்மை போதும்.

அதுவரை, கொடுத்த கணக்குகளைப் பொதுமக்கள் பார்வையிடச் சட்டம் இடம் தருகிறது. அடுத்த தேர்தல் முடிந்ததும் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போய்க் கேளுங்கள். உங்கள் ஊர்ச் சந்தியில் தொங்கிய பதாகைகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு போனால், கணக்கில் எது இல்லை என்று உடனே பிடிபடும்.